தலைமாட்டுக் கற்கள்

நுழையும்முன்

அரசர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் அறிவிக்கின்றன. ஓர் ஊரின் கொல்லரும், வீட்டுப் பணிப்பெண்ணும், சிறு உழவரும் தம் பெயரை எங்கே விட்டுச் சென்றனர்? இங்கிலாந்தின் சிற்றூர்களைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கான விடையின் ஒரு பகுதி, தேவாலயத்தைச் சுற்றியுள்ள புல்தரையில் கல்லாக நிற்கிறது. அக்கற்களை வாசிக்கும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயரில்லாப் புல்மேடுகள்

இங்கிலாந்தின் பழைய சிற்றூர்களில் தேவாலயத்தைச் சூழ்ந்து தாழ்வான கல்மதிலும், மதிலுக்குள் புல்தரையும், அதன் ஓரத்தில் இலை அடர்ந்து கருத்த யூ மரங்களும் காணப்படும். அப்புல்தரையே ஊராரின் கல்லறைத் தோட்டம். பல நூற்றாண்டுகளாக அதே நிலத்தில் அடக்கம் நடைபெற்று வந்தமையால், பல ஊர்களில் தோட்டத்தின் தரை வெளியே உள்ள பாதையைவிட உயர்ந்திருக்கிறது.

ஆயினும் அங்கு நிற்கும் கற்களுள் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டவை மிக அரியவை. செல்வரும் நிலக்கிழாரும் தேவாலயத்தின் உள்ளேயே அடக்கம் செய்யப்பட்டனர். பளிங்குச் சிலையோ பித்தளைத் தகடோ அவர்களின் பெயரைத் தாங்கியது. மற்றையோர்க்கு வெளியே ஒரு மண்மேடு மட்டுமே கிடைத்தது. சிலர்க்கு, இரு கம்பங்களுக்கு இடையே பொருத்திய மரப்பலகை ஒன்று வாய்த்தது. மழையில் பலகை மட்கியது; மேடு தணிந்தது; சில தலைமுறைகள் கழிந்தபின் குழி வெட்டுவோர் அதே இடத்தை மீண்டும் தோண்டினர். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்னும் ஆணை 1538ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்டது. எனவே தாளில் பெயர் இருந்தது. நிலத்தில் அதற்கு இடம் இல்லை.

1660ஆம் ஆண்டு முடியாட்சி மீண்ட பின்னர் இந்நிலை மாறத் தொடங்கியது. சொந்த நிலமுடைய உழவர், கடைக்காரர், கைவினைஞர் ஆகிய இடைநிலை மக்களின் கையில் பணம் சேர்ந்தது. மரவீடுகள் இருந்த இடத்தில் கல்வீடுகளும் செங்கல் வீடுகளும் எழுந்தன. ஊர்ப்புறங்களில் கல்தச்சர்கள் பெருகினர். வீட்டிற்கு நிலைக்கல் செதுக்கியவரே, அவ்வீட்டார் இறந்தபோது கல்லறைக்கும் கல் செதுக்கித் தந்தார்.

இறந்தவரைத் தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் இருக்கக் கிடத்துவது மரபு. இறுதி நாளில் உயிர்த்தெழுவோர் கிழக்கு நோக்கி எழுவர் என்பது நம்பிக்கை. தலைப்பக்கம் நடப்பட்ட பெரிய கல் தலைமாட்டுக்கல். கால்பக்கம் நடப்பட்ட சிறிய கல் கால்மாட்டுக்கல். தேவாலயத்தின் தென்புறத்தில் வெயில் படும். ஆகவே அப்பக்கத்தை எல்லாரும் விரும்பினர். நிழல் விழும் வடபுறம் ஏழையர்க்கும் அயலார்க்கும் எஞ்சியது. மண்ணுக்குள் சென்ற பின்னும் திசையில் ஏற்றத்தாழ்வு இருந்தது எனலாம்.

கல் பெற்றோர் எக்காலத்தும் சிறுபான்மையினரே. இச்செய்தியைக் கவிதையின் பொருளாக்கியவர் தாமஸ் கிரே. ஊர்ப்புறக் கல்லறைத் தோட்டம் ஒன்றை நிலைக்களனாகக் கொண்டு அவர் எழுதிய இரங்கற்பா 1751ஆம் ஆண்டு வெளிவந்தது. புகழ்பெற வாய்ப்பின்றி மறைந்த எளிய உழைப்பாளரையே அது நினைவுகூர்கிறது. 1771ஆம் ஆண்டு மறைந்த கிரே, பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோக் போஜஸ் என்னும் ஊரில், தம் தாயின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறையின் மேற்பலகையில் தாயைப் பற்றிக் கிரே எழுதிய வாசகம் இருக்கிறது. கிரேவும் அங்கே துயில்வதைத் தேவாலயச் சுவரில் பின்னர்ப் பதித்த ஒரு கல் தெரிவிக்கிறது.

நிலம் தந்த கலை

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது பெருஞ்செலவு பிடிக்கும் செயல். சாலைகள் சேறும் பள்ளமுமாக இருந்தன. எனவே ஊருக்கு அருகில் நிலத்தடியில் எக்கல் கிடந்ததோ அக்கல்லிலேயே நினைவுக்கல் அமைந்தது. ஒரு வட்டாரத்தின் கல்லறைக் கலையை அவ்வட்டாரத்தின் பாறையே முடிவு செய்தது.

குளோஸ்டர்ஷயரும் அதன் அண்டைப் பகுதிகளும் அடங்கிய காட்ஸ்வோல்டு மேட்டுநிலத்தில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் மிகுதி. வெட்டியெடுத்த புதிதில் அது மென்மையாக இருக்கும். உளி எளிதில் இறங்கும். ஆட்டு மயிரும் கம்பளித் துணியும் விற்றுச் செல்வம் சேர்த்த வணிகர்கள் அங்கு வாழ்ந்தனர். நெகிழ்வான கல்லும் நிறைந்த பணமும் சேர்ந்தபோது, பழக்கொத்தும் சுருளிலையும் குழந்தை உருவங்களும் புடைத்துத் தோன்றும் பேழை வடிவக் கல்லறைகள் உருவாயின. பெயின்ஸ்விக் என்னும் ஊரில், சீராகக் கத்தரிக்கப்பட்ட யூ மரங்களுக்கு இடையே இத்தகைய கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவ்வூரில் பணிபுரிந்த பிரையன் குடும்பத்துச் சிற்பிகளுள் ஒருவரான ஜான் பிரையன் 1787ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய கல்லறை கூர்நுனிக் கோபுரமாக, எகிப்தியப் பிரமிடின் வடிவில் உள்ளது. பர்ஃபோர்டில் சில கல்லறைகளின் மேல் அரை உருளை வடிவக் கல் கிடத்தப்பட்டுள்ளது. அது கம்பளிப் பொதியைக் குறிக்கும் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கேட்க இனிமையான விளக்கம். சான்றுதான் வலுவாக இல்லை.

சசெக்ஸ் பகுதியில் ஜோனதன் ஹார்மர் (1762–1849) என்பவர் சுடுமண்ணில் பூக்கூடை, சிறகுடைய முகம் முதலிய சிற்பத் தகடுகளை வார்த்துக் கல்லில் பதித்தார்.

லெஸ்டர்ஷயரின் கதை வேறு. அங்குள்ள சார்ன்வுட் காட்டுப்பகுதியில் ஸ்வித்லாண்டு சிலேட்டுக்கல் கிடைத்தது. அது நீலமும் சாம்பலும் கலந்த நிறமுடையது, மிகக் கடினமானது, நீர் புகாதது. மெல்லிய தகடாகப் பிளக்க வராது. ஆகவே கல்தச்சர்கள் முன்பக்கத்தை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கினர். பின்பக்கத்தைப் பாறையில் இருந்தவாறே கரடுமுரடாக விட்டனர். முந்நூறு ஆண்டு மழைக்குப் பின்னும் இக்கற்களில் எழுத்தின் விளிம்பு கூர்மை குன்றாமல் நிற்கிறது. அதே காலத்தில் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கப்பட்ட முகங்களில் மூக்கும் கண்ணும் கரைந்துவிட்டன.

இச்சிலேட்டில் பிறந்த தனிச்சிறப்பான உருவம் 'பெல்வாய்ர் வானதூதர்' எனப்படுகிறது. லெஸ்டர்ஷயருக்கும் நாட்டிங்காம்ஷயருக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கின் பெயர் அது. ஊரார் நாவில் அப்பெயர் 'பீவர்' என்றே ஒலிக்கும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதிமுதல் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அப்பள்ளத்தாக்கின் ஊர்களில் இக்கற்கள் நடப்பட்டன. ஹிக்ளிங் என்னும் சிற்றூரில் பலவற்றைக் காணலாம். தட்டையான முகம், கழுத்தைச் சுற்றி மடிப்புப்பட்டை, இருபுறமும் விரிந்த சிறகுகள். உடற்கூற்றை முறையாகப் பயின்ற சிற்பியின் கைவண்ணம் அதில் இல்லை. ஆனால் கல்லின் மேற்பகுதியை ஒரே வீச்சில் நிறைக்கும் அச்சிறகுகளின் துணிவு, பெருநகரப் பளிங்குச் சிலைகள் பலவற்றில் காணக் கிடைக்காதது.

உருவங்களின் மொழி

எழுதப்படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த ஊரில், கல்லின் மேற்பகுதியில் இருந்த உருவமே முதலில் பேசியது. தொடக்கக் காலக் கற்களில் மண்டையோடும், குறுக்காக வைத்த எலும்புகளும், மணல் வடிந்து முடிந்த மணற்கடிகையும், புல்லரியும் நீண்ட அரிவாளும், குழிவெட்டும் மண்வெட்டியும் இடம்பெற்றன. கல்லின் முன் நிற்பவரை நோக்கி, 'உனக்கும் இதுவே' என்று அவை எச்சரித்தன. டெர்பிஷயரின் ஈயம் என்னும் ஊரில், 1666ஆம் ஆண்டு கொள்ளைநோயில் இறந்த கேத்தரின் மாம்பெசனின் கல்லறையில் மணற்கடிகையும் மண்டையோடும் செதுக்கப்பட்டுள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டு வளர வளர மண்டையோட்டின் இடத்தைச் சிறகுடைய குழந்தை முகம் பெற்றது. அது உடலைவிட்டு மேலெழும் உயிரைக் குறித்தது. எக்காளம் உயிர்த்தெழும் நாளையும், தன் வாலைத் தானே கவ்விய பாம்பு முடிவின்மையையும், தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் அணைந்த உயிரையும் உணர்த்தின. நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க, உரோமானியக் கலையின் மேல் எழுந்த ஆர்வத்தால் கலசமும், அதன்மேல் சாய்ந்து அழும் பெண்ணும், கிளை தாழ்ந்த வில்லோ மரமும் வந்தன. முன்னர் இறந்தவரின் நிலையைப் பேசிய கல், இப்போது இருப்பவரின் துயரைப் பேசியது.

ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1960களில் ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் ஆகிய தொல்லியலாளர்கள் அங்குள்ள கற்களை எண்ணிப் பார்த்தனர். மண்டையோடு, சிறகுமுகம், கலசமும் வில்லோவும் என ஓர் உருவம் பெருகுவதும் தேய்வதும் அடுத்தது எழுவதும் ஆண்டுவாரியாகத் தெளிவாயின. ஒவ்வொரு கல்லிலும் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்ததே இவ்வாய்விற்கு வாய்த்த நற்பேறு. பானை ஓடுகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் தொல்லியல் முறையையே இக்கற்களால் சரிபார்க்க முடிந்தது.

எனினும் ஒவ்வோர் உருவத்திற்குப் பின்னும் ஆழ்ந்த சமயக் கருத்தைத் தேடுவது மிகை. மறைநூல் படங்களையும் அச்சிட்ட மாதிரி ஏடுகளையும் பார்த்துச் செதுக்கியோர் பலர். பக்கத்து ஊரில் பார்த்த கல்லைப் போலவே தமக்கும் வேண்டும் என்று கேட்ட குடும்பங்கள் அவர்களைவிடப் பலவாக இருந்திருக்க வேண்டும்.

எழுத்தும் பிழையும்

கல்லில் எழுதுபவர்க்கு அழிப்பான் இல்லை. முதலில் இணைகோடுகளைக் கீறி, எழுத்தை வரைந்து, பின்னர் உளியால் ஆப்பு வடிவப் பள்ளமாக வெட்டினர். இடத்தைக் கணிக்கத் தவறிய சிற்பி, வரியின் கடைசியில் எழுத்துகளை நெருக்கினார். அதுவும் போதாதபோது எஞ்சிய எழுத்துகளைச் சிறிதாக்கி மேலே ஏற்றினார். விடுபட்ட எழுத்தை, பள்ளி ஏட்டில் திருத்துவது போல, இடைச்செருகல் குறியிட்டு மேலே செதுக்கிய கற்களும் உண்டு. ஒரே குடும்பத்தின் பெயர் இரண்டு கற்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதும் வியப்பன்று. எழுத்துக்கூட்டல் அக்காலத்தில் இன்றுபோல் நிலைபெறவில்லை.

சிலேட்டு வட்டாரத்தில் இக்கலை உச்சம் தொட்டது. ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது போன்ற அழகெழுத்து ஏடுகள் அக்காலத்தில் பரவியிருந்தன. இறகுப் பேனா தாளில் சுழற்றிய கொடிவளைவுகளை, லெஸ்டர்ஷயர்ச் சிற்பிகள் உளியால் கல்லில் சுழற்றினர். சிலர் கல்லின் அடியில் தம் பெயரையும் பொறித்தனர்.

தெரிந்து தெளிவோம்

1752ஆம் ஆண்டிற்கு முன்னர் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கிய நாள் மார்ச் 25. சனவரி, பிப்ரவரித் திங்கள்களும் மார்ச் 24 வரையுள்ள நாள்களும் முந்தைய ஆண்டிலேயே அடங்கின. கல்லில் '1717, பிப்ரவரி' என்று இருப்பின், இன்றைய கணக்கில் அது 1718. குழப்பத்தைத் தவிர்க்க '1717/8' என இரண்டு எண்களையும் பொறித்த கற்கள் உண்டு. 1752ஆம் ஆண்டுமுதல் சனவரி 1 ஆண்டின் தொடக்கம் ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 எனக் கொள்ளப்பட்டது.

கல்லில் நின்ற வாழ்க்கைகள்

வில்ட்ஷயரின் மால்மெஸ்பரியில், பழைய மடத்துத் தேவாலயத்தின் தோட்டத்தில் ஹன்னா ட்வின்னாய் என்னும் பெண்ணின் கல் நிற்கிறது. அவர் ஒரு விடுதியில் வேலை செய்த பணிப்பெண். ஊர்ஊராகச் சுற்றிய விலங்குக் காட்சி ஒன்று அவ்விடுதிக்கு வந்திருந்தபோது, 1703ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், அதிலிருந்த புலியால் கொல்லப்பட்டார், வயது 33. கல்லில் உள்ள சிறு செய்யுள் அவ்விளம் வாழ்வு முடிந்த விதத்தைச் சொல்கிறது. பணிப்பெண்ணின் கல்லறைக்குக் கல் நடுவது அக்காலத்தில் அரிது. புலியின் கொடுமை அவருக்குப் பெயர் தந்தது. அதே ஆண்டில் காய்ச்சலில் இறந்த மற்றொரு பணிப்பெண்ணுக்கு அது கிட்டியிராது.

டார்செட்டின் கின்சன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ராபர்ட் ட்ராட்மனின் கல், அரசின் கூற்றுக்கு எதிர்க்கூற்று. வரி செலுத்தாமல் தேயிலை கடத்திய கூட்டத்தைச் சேர்ந்த அவர், 1765ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பூல் கடற்கரையில் சுங்கத்துறையினருடன் நிகழ்ந்த மோதலில் இறந்தார். சட்டத்தின் பார்வையில் அவர் குற்றவாளி. கல்லோ அவர் கொலை செய்யப்பட்டார் என்று வெளிப்படையாக எழுதுகிறது. தராசின் ஒரு தட்டில் கொஞ்சம் தேயிலையையும் மறுதட்டில் மனித இரத்தத்தையும் வைத்து நியாயம் கேட்கிறது. இத்தகைய வாசகத்தைத் தேவாலய நிலத்தில் நட ஊர் இசைந்தது என்றால், ஊரின் மனம் எப்பக்கம் இருந்தது என்பது விளங்கும்.

வூஸ்டர்ஷயரின் ப்ரோம்ஸ்குரோவில் அருகருகே நிற்கும் இரண்டு கற்களில் நீராவி எஞ்சின்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1840ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் அவ்வூர் நிலையத்தில் எஞ்சினின் கொதிகலன் வெடித்ததில் தாமஸ் ஸ்கெய்ஃப் உடனே இறந்தார்; ஜோசப் ரூதர்ஃபோர்டு மறுநாள் இறந்தார். ரூதர்ஃபோர்டின் கல்லை அவருடைய மனைவி நட்டார். ஸ்கெய்ஃபின் கல்லை உடன் வேலை செய்தோர் பணம் திரட்டி 1842ஆம் ஆண்டு நட்டனர். அச்செய்யுள் எஞ்சினின் உறுப்புகளைக் கொண்டே ஓட்டுநரின் இறப்பைப் பேசுகிறது. கல்லில் உள்ள உருவம் வெடித்த எஞ்சினுடையது அன்று; அத்தடத்தில் ஓடிய அமெரிக்க நாட்டு நாரிஸ் வகை எஞ்சினுடையது. சிறகுமுகத்தின் இடத்தில் இயந்திரம் வந்து நின்றது அக்காலத்தார்க்கு எவ்வளவு புதுமையாக இருந்திருக்கும்!

மேற்கூறிய ஈயம் ஊரில் 1665ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வந்த துணியோடு கொள்ளைநோய் புகுந்தது. நோய் பிற ஊர்களுக்குப் பரவாதிருக்க, ஊரார் தம் எல்லையைத் தாமே அடைத்துக்கொண்டனர். சுமார் 260 பேர் இறந்தனர். கல்லறைத் தோட்டத்தில் கூடுவதைத் தவிர்த்து, இறந்தோரைத் தத்தம் நிலத்திலேயே புதைத்தனர். எலிசபெத் ஹான்காக் 1666ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எட்டு நாள்களுக்குள் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் வீட்டருகே இருந்த வயலில் அடக்கம் செய்தார். ஒரு வட்டச் சுவருக்குள் அக்குடும்பத்தின் கற்கள் இன்றும் இருக்கின்றன. தேவாலய மணியோசை அங்கிருந்து தொலைவு.

தேயும் எழுத்துகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடர்வண்டி வந்தபின், கல்லுக்கும் ஊருக்கும் இருந்த உறவு அறுந்தது. வேல்ஸ் நாட்டுச் சிலேட்டும் இத்தாலியப் பளிங்கும் எவ்வூருக்கும் மலிவாக வந்துசேர்ந்தன. ஸ்வித்லாண்டுச் சுரங்கங்கள் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் மூடப்பட்டன.

பழைய கற்களுக்கும் பகைகள் பல. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தக டைஆக்சைடு, மழையோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றும். பின்னர் அது ஏடு ஏடாக உதிரும். மணற்கல் இயற்கையில் படிவுப் படிவாக அமைந்தது. அதனைச் செங்குத்தாக நிறுத்தும்போது படிவுகளுக்கு இடையே நீர் புகுந்து உறைந்து, எழுத்துள்ள முகம் முழுவதையும் ஒருநாள் பிரித்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புல்வெட்டும் இயந்திரம் தடையின்றி ஓடவேண்டும் என்பதற்காகப் பல ஊர்களில் கற்களைப் பிடுங்கி மதிலோரம் சாத்தி வைத்தனர். கல் தப்பியது, அது யாருடைய தலைமாடு என்பது தொலைந்தது.

கல்லின் மேல் மஞ்சளும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கும் லைக்கன்களைச் சுரண்டி எடுப்பது தவறு. பிரித்தானியாவின் தேவாலயத் தோட்டங்களில் 700க்கும் மேற்பட்ட லைக்கன் இனங்கள் காணப்பட்டுள்ளன. கல்லில் ஆண்டு இருப்பதால், லைக்கன் எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதையும் அளக்க முடிகிறது. பளிங்கில் ஈய எழுத்துகள் பதித்த கற்கள் மற்றொரு பயன் தருகின்றன. மழை பளிங்கைக் கரைக்கும், ஈயத்தைக் கரைக்காது. எழுத்து எவ்வளவு மேலே துருத்தி நிற்கிறதோ, அவ்வளவு கல் கரைந்திருக்கிறது. காற்று மாசின் வரலாற்றை அதிலிருந்து கணிக்கலாம். மங்கிய எழுத்தைப் படிக்கக் கம்பித் தூரிகை வேண்டா. கண்ணாடி ஒன்றால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் பாய்ச்சினால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்.

யார் எழுதிய பெயர்?

பிரிஸ்டலை அடுத்த ஹென்பரியில், 1720ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் பதினெட்டு வயதில் இறந்த ஓர் ஆப்பிரிக்க இளைஞரின் தலைமாட்டுக்கல்லும் கால்மாட்டுக்கல்லும் வண்ணம் தீட்டப்பட்டு நிற்கின்றன. அவற்றில் உள்ள சிறகுடைய முகங்கள் கறுப்பு நிறம் உடையவை. அவர் சஃபோக் பிரபுவின் வீட்டில் பணிசெய்தவர். கல் அவரைச் சிப்பியோ ஆப்பிரிக்கானஸ் என்கிறது. அது ஒரு பழைய உரோமானியப் படைத்தலைவரின் பெயர். அடிமைகளுக்கு இவ்வாறு பெயரிடுவது உடையவர்களின் வழக்கம். பிறந்தபோது தாய் அழைத்த பெயர் கல்லில் இல்லை. செய்யுள் அவரே பேசுவதுபோல் அமைந்து, அடிமையாகப் பிறந்து கிறித்தவராகத் துயில்வதாகச் சொல்கிறது. அன்பினால் நட்ட கல் என்று கொண்டாலும், அவருடைய வாயில் வைக்கப்பட்ட சொற்கள் பிறருடையவை. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில், பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் ஒருவரின் சிலை வீழ்த்தப்பட்ட சில நாள்களுக்குப் பின், இக்கல்லறை சேதப்படுத்தப்பட்டது.

வார்விக்ஷயரின் ஆக்ஸ்ஹில் சிற்றூரில் உள்ள கல்லில் செய்யுளும் இல்லை. மர்ட்டில்லா என்ற பெயரும், அவள் கரீபியக் கடலின் நெவிஸ் தீவைச் சேர்ந்த தாமஸ் பீச்சம் என்பவரின் கறுப்பின அடிமை என்ற செய்தியும் உள்ளன. அவள் வயதோ பெற்றோரோ குறிக்கப்படவில்லை. திருமுழுக்கு அக்டோபர் 20. அடக்கம் சனவரி 6, 1705. இன்றைய நாள்காட்டியை மனத்தில் கொண்டு படிப்பவர், அடக்கம் முன்னும் திருமுழுக்குப் பின்னுமாக எண்ணி மயங்கக்கூடும். பழைய கணக்கில் அச்சனவரி, 1705ஆம் ஆண்டின் இறுதித் திங்கள்களுள் ஒன்று. இன்றைய எண்ணில் 1706. திருமுழுக்கிற்கும் அடக்கத்திற்கும் இடையே 78 நாள்கள். அவை குளிர்கால நாள்கள்.